குடை பிடித்தவரைப் பற்றி மாமனார் பேசவில்லை

நான் கொடுத்த படத்தை என் மாமனார் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். பரிசுக் காகிதத்தைக் கிழிக்காமல், ஒட்டியிருந்த இடங்களை நகத்தால் மெல்ல நெம்பிப் பிரித்து, காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு படத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்பக்கத்து அட்டையையும் அதில் அடித்திருந்த ஆணிகளையும் விரலால் தடவினார். அப்போது அவர் என் மாமனார் ஆகியிருக்கவில்லை. சிங்கப்பூரில், ஈசூனில் இருந்த அவர்களுடைய அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், தன் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொல்லி வந்திருந்த ஓர் அந்நியனை அளந்துகொண்டிருந்த மனிதர், அவ்வளவுதான். நானும் கப்பல் பட்டறை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பூன் லேயில் ஓர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டிருந்த ஆள், அவ்வளவுதான்.

அது பழைய சிங்கப்பூர்த் துறைமுகத்தின் படம். வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ வரைந்து அச்சிட்டதன் நகல். நடுவில் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒரு பெரிய கப்பல். அதைச் சுற்றி மூட்டைகள் ஏற்றிய படகுகள். பின்னால் தூண்கள் வைத்த வெள்ளைக் கிடங்குகள், அவற்றுக்கும் பின்னால் கொடி பறக்கும் குன்று. முன்பக்கத்துக் கரையில் சில மனிதர்கள். காவடித்தடியில் கூடைகளைத் தொங்கவிட்ட சீனர் ஒருவர், துடுப்பைப் பிடித்தபடி மலாய்க்காரர் ஒருவர், தலைப்பாகை கட்டிய நம்மவர்கள் இரண்டு பேர். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கையில் குடையோடு இன்னொரு கறுத்த மனிதர். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் அதை வாங்கினேன். முருகனையா இதையா என்று யோசித்து, பெண் வீட்டார் எந்தச் சாமியைக் கும்பிடுவார்களோ தெரியாது என்ற பயத்தில் இதை எடுத்தேன். அதற்கு மேல் அதில் ஒரு காரணமும் இல்லை.

ஆனால் ஏன் இந்தப் படம் என்று அவர் கேட்டபோது, அந்த உண்மையைச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. இதில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தக் காலத்திலேயே வந்திருக்கிறார்கள், அதனால்தான் என்றேன். அவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஊர் எது என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கம் என்றேன். குடும்பத்தில் முன்னால் யாராவது இந்தப் பக்கம் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். சிங்கப்பூரோடு எனக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்று காட்டிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பாக அதை நினைத்து, தாத்தாவின் அண்ணன் ஒருவர் கப்பலேறிப் போனார், போனவர் திரும்பவில்லை, எந்த ஊருக்குப் போனார் என்பதும் தெரியாது என்று ஆர்வமாகச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தேன். படத்தைச் செருப்பு அலமாரியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

என் மனைவி அப்போது சாங்கியில் விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். எங்கள் பட்டறைக்கு வர வேண்டிய இயந்திர உதிரி பாகம் ஒன்று அங்கே சிக்கிக்கொண்டபோது தொலைபேசியில் சண்டை போட்டுத்தான் நாங்கள் பழக்கமானோம். மறுநாள் அவளிடம் புலம்பினேன். "அப்பாவுக்குச் சந்தேகப்படறதுதான் லா வேலையே. முப்பது வருஷமா அதுக்குத்தான் சம்பளம் வாங்கினாரு. நீங்க பயப்படாதீங்க" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொன்னாள். அவர் கப்பல் சரக்குச் சேத ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்த அரிசி நனைந்துவிட்டது, இழப்பீடு வேண்டும் என்று யாராவது கேட்டால் காப்பீட்டுக்காரர்கள் இவரை அனுப்புவார்கள். இவர் கிடங்குக்குப் போய் மூட்டையை மோந்து பார்ப்பார். நனைந்த சாக்கில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவார். பால்போல வெளுத்தால் கடல்நீர். வெளுக்காவிட்டால் மழையோ குழாய்த் தண்ணீரோ. அதன் பிறகு யாருடைய கிடங்கின் கூரை ஒழுகியது, யார் வேண்டுமென்றே நனைத்தார்கள் என்று தோண்ட ஆரம்பிப்பார். எதையும் வாங்கியவர் சொன்ன கதையாகவோ விற்றவர் சொன்ன கதையாகவோ எடுத்துக்கொள்ளாமல், இந்தக் கதையால் லாபம் யாருக்கு என்று பார்ப்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

சனிக்கிழமை மாலைகளில் வந்து போகட்டும் என்று மகளிடம் சொல்லியிருந்தார். அதை அனுமதி என்று சொல்வதா, ஆய்வு என்று சொல்வதா என்று எனக்குப் புரியவில்லை. போகும்போதெல்லாம் படம் அதே செருப்பு அலமாரி மேல் சாய்ந்திருந்தது. சுவரில் மாட்டவும் இல்லை, உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை. அவர் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. படத்தைப் பற்றித்தான் கேட்டார். முதல் வாரம் கப்பலைக் காட்டி, இது சரக்கோடு நிற்கிறதா, இறக்கிவிட்டு நிற்கிறதா என்றார். மூட்டைகள் படகில் இருக்கின்றனவே, ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் போல என்றேன். பட்டறையில் வேலை பார்க்கிற எனக்கு அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். அத்தனை மூட்டை ஏற்றிய படகு தண்ணீரில் தாழ்ந்து கிடக்க வேண்டும். படத்தில் எல்லாப் படகுகளும் காகிதப் படகுகளைப் போல உயர்ந்து மிதந்தன. "பாரமே இல்லாத மூட்டை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்து ஒரு வாரம், இந்தப் படத்துக்குக் காசு கொடுத்தவர் யாராக இருக்கும் என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். காசு கொடுத்தவனுடைய பொருள்தான் படத்தின் நடுவில் இருக்கும். இங்கே நடுவில் இருப்பது கப்பலும் கிடங்கும். கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கிறது, ஓர் அலை இல்லை, மேகம்கூட வெயிலுக்கு இதமாக வந்து நிற்கிறது. சிங்கப்பூரைக் கண்ணால் பார்க்காத ஒருவன், எங்கோ குளிர்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே சரக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பான். இது அவனுக்குக் காட்டுகிற படம். பயப்படாதே, உன் சாமான் பத்திரம் என்று சொல்கிற படம். முன்னால் நிற்கிற சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாம் கடைக் கண்ணாடிக்குள் வைக்கிற மாதிரிச் சாமான்கள். வகைக்கு ஒன்று. இந்த ஊரில் வேலை செய்ய எல்லா வகை ஆளும் கிடைப்பார்கள் என்று அர்த்தம்.

"ஒரு ஆளு முதுகு வளைஞ்சிருக்கா பாருங்க" என்றார். பார்த்தேன். அத்தனை மூட்டைகளுக்கு நடுவே ஒருவர்கூடக் குனிந்திருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் இல்லை, இழுக்கிறவர் இல்லை. எல்லோரும் நின்றுகொண்டும் சாய்ந்துகொண்டும் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துதான் இந்த ஊரில் சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள் என்று அவர் சொன்னார். காலில் விலங்கோடு ஒருவனையாவது இந்தக் கரையில் காட்டுங்கள் என்றார். நான் கரையைத் தேடினேன். இல்லைதான்.

பூன் லேக்குத் திரும்புகிற ரயிலில் எனக்கு ஒவ்வொரு கேள்வியும் வேறு மாதிரிக் கேட்கும். இது யாருக்குக் காட்டுகிற படம் என்பது, நீ யாருக்குக் காட்ட இவ்வளவு ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாய் என்று கேட்கும். பாரமில்லாத மூட்டை என்பது நான்தான் என்று தோன்றும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் சிலருக்கு எங்களைப் போல வந்தவர்கள் மேல் அப்படி ஓர் எண்ணம் உண்டு. இங்கேயே தங்கும் நிரந்தரவாச உரிமைக்காகப் பெண் தேடுகிறார்கள் என்று பேசுவார்கள். என் முகத்துக்கு நேராகவே ஒருவர் வேடிக்கைபோலச் சொல்லியிருக்கிறார். இவரும் அதைத்தான் சுற்றிவளைத்துக் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்லலாம். படத்தை வைத்து ஒரு மனிதனைக் கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது? அவளிடம்கூடக் கோபப்பட்டேன். அவளுக்கும் அந்த எண்ணம் உண்டோ என்ற சந்தேகமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கப்பலிலிருந்து கொடிக்கம்பம் வரைக்கும் படத்தில் அவர் விரல் படாத இடம் இல்லை. ஆனால் குடை பிடித்திருந்த மனிதரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைப்பாகைக்காரர்கள் வரை விரல் வரும். அதற்கு அப்பால் நகராது. ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே, இவர் யாராக இருக்கும் அங்கிள் என்று நானே கேட்டேன். யாரோ என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் அவர் என்னைச் சந்தேகப்பட்டார். அன்றிலிருந்து நான் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

தீபாவளி நெருங்கியபோது மலேசியாவின் ஜொகூரிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். தேக்கா கடைத்தெருவில் துணிமணி வாங்க வந்தவர், தம்பி வீட்டில் இரண்டு நாள் தங்கினார். நான் போனபோது சோபாவில் புடைவைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நான் மகிழ்ந்துபோய், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று படத்தைக் காட்டினேன். அவர் எழுந்து பக்கத்தில் போனார். பார்த்த உடனே குடை பிடித்த மனிதர் மேல் விரலை வைத்து, மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அப்பா மாதிரியே இருக்குல்ல. குடையும் அவரும்."

அக்கா என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர்களுடைய அப்பா துறைமுகத்தில் மண்டோராக இருந்தார். ஆள் சேர்த்து வேலைக்குக் கொண்டுவருகிற, வேலை வாங்குகிற ஆள். சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்தே அத்தனை பேரையும் வரவழைத்தார். கப்பல் வந்தால் வெள்ளைக்காரத் துரை முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், குரல்கூட உயர்த்த மாட்டார், வேலை நடக்கும். அவர் கீழே எத்தனையோ பேர் இருந்தார்கள்.

"கீழ இருந்தவங்கள்ல ஒருத்தர் பேர் சொல்லுங்க அக்கா" என்றார் மாமனார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. என்ன கேள்வி இது என்றார். எத்தனையோ ஆட்கள் வந்தார்கள், போனார்கள், யார் பேரை ஞாபகம் வைத்துக்கொள்வது என்றார். மாமனார் விடவில்லை. நம் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றவர்களில் ஒருவர் பேர் போதும் என்றார். வேலையில் அடிபட்டவன் இடத்தில் மறுநாள் இன்னொருவன் வந்து நின்றானே, அந்த இரண்டு பேரில் யார் பேராவது தெரியுமா என்றார். நம்மைப் படிக்க வைத்தது அவர்கள் முதுகுதான் அக்கா என்றார். அப்பாவைப் பற்றி இப்படிப் பேசாதே என்று அக்கா அழுதுவிட்டார். புடைவைகளை வாரிக்கொண்டு உள்ளே போனார். என் மனைவி அவர் பின்னாலேயே ஓடினாள். கூடத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். கீழே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து போய்விடலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"பட்டறைல உங்க கீழ வேலை செய்றவங்க இருக்காங்கல்ல. அவங்க பேர் தெரியுமா?"

நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். தினமும் காலையில் அவர்கள் முன்னால் நின்று, கயிறும் தலைக்கவசமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது என் வேலை. சொல்ல ஆரம்பித்தேன். செல்வம், புதுக்கோட்டை. பக்கவாதத்தில் படுத்திருக்கிற அப்பாவுக்காக வந்தவன். ரஃபிக், பங்களாதேஷ். வெல்டிங்கில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. முத்துக்குமார். இன்னொரு முத்துக்குமார், அவனைச் சின்ன முத்து என்போம். ஷோஹாக். அந்தோணி, உயரம் என்றால் பயம், ஆனால் சொல்ல மாட்டான், நாங்களே பார்த்துக் கீழ்வேலை கொடுப்போம். நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நடுவில் நிறுத்தவே இல்லை. எல்லாம் முடிந்தபோது, அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, "சார்னுதான் கூப்பிடுவாங்க அங்கிள்" என்றேன். நான் அந்த வீட்டுக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க வேணும்னேதான் இந்தப் படத்தக் கொண்டுவந்தீங்கன்னு நெனச்சேன். மன்னார்குடிங்கிறீங்க, தாத்தாவோட அண்ணன் திரும்பலங்கிறீங்க. அப்பா ஆள் எடுத்தது பூரா அந்தப் பக்கந்தான். யாராச்சும் ஒரு பேரன் ஒருநாள் வந்து கேப்பான்னு எனக்குள்ள இருந்துக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு கேட்டு வருவான்னு நெனக்கல."

இத்தனை வாரமாக நான் அவர் கேள்விகளில் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ என் ஒவ்வொரு பதிலிலும் தன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சாமி படமா இதுவா என்று கடையில் தடுமாறி நின்ற கதையை அப்போதுதான் சொன்னேன். அவர் அதை நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. தாத்தாவின் அண்ணன் பெயரைக் கேட்டார். ஊருக்குப் பேசி என் அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். அப்பாவுக்கும் பெயர் மட்டும்தான் தெரிந்தது. போனது பினாங்கா, ரங்கூனா, இங்கேயா என்று சொல்ல ஆள் யாரும் மிச்சமில்லை. உங்கள் அப்பாவின் ஆட்களில் அவரும் இருந்திருப்பாரோ என்று நானே தயங்கிக் கேட்டேன். பார்க்காததைப் பார்த்ததாகத் தன் ஆய்வறிக்கைகளில் எப்போதும் எழுதியதில்லை என்றார். இல்லவே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

அக்கா கோபத்தோடுதான் ஊருக்குப் போனார். தீபாவளிக்கு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் பிறகு ஒருநாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். மாமனார் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார். சரி அக்கா, சரி என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். அக்காவுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்துவிட்டதாம். மாயழகு. அக்காவைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கப்பல் காட்டியவராம். ஒருநாள் அவர் வரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லையாம். இத்தனை வருஷம் அதை மறந்துபோய் இருந்தேனே என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதாராம். சொல்லி முடித்துவிட்டு மாமனார் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்து, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்போது வரமுடியும் என்று என்னைக் கேட்டார். கல்யாண நாளைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் மாறிவிடவில்லை. பட்டறைக்காரர்கள் அச்சிடுகிற நாட்காட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், விடியற்காலைத் துறைமுகத்தில் வரிசையாக நிற்கிற பாரந்தூக்கிகளைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு மனிதன்கூட இல்லையே, யாருக்குக் காட்டுவதற்கு எடுத்தது என்று ஆரம்பித்துவிடுவார். என் சம்பள உயர்வையும் சந்தேகப்பட்டார். எனக்கும் அந்த நோய் கொஞ்சம் தொற்றிக்கொண்டது. எங்கள் பட்டறையில் புதிதாக வந்த ஏணிகள் உறுதியானவை என்று விற்றவர்கள் கொடுத்த தாளை நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதிக்க வைத்தேன். சிலவற்றைத் திருப்பி அனுப்பினோம். அன்று இரண்டு முத்துக்குமார்களும் என்னைப் பார்த்த பார்வை கொஞ்சம் வேறாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது, மிச்ச ஏணிகளையும் மறுபடி பாருங்கள் என்றார்.

அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை படத்தை அவர் சுவரில் மாட்டவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒழித்தபோது என் மனைவி அதைத் துடைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் அத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று ஜொகூருக்குப் பேசினோம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே பார்ப்பதற்கு ஆள் வரும் என்றார். கூடத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினோம்.

போன தீபாவளிக்குப் பட்டறைப் பையன்கள் சிலரை வீட்டுக்கு அழைத்திருந்தோம். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த சின்ன முத்து படத்தின் முன்னால் நின்றுவிட்டான். மற்றவர்களும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். இந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது, இந்தக் கிடங்கு நம் ரயில் போகிற வழியா என்று அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். சின்ன முத்து மட்டும் கரையில் நிற்கிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைஞ்சிருப்பாங்க போல சார். எல்லாரும் சும்மா நிக்கிறாங்க" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து அவளும் சிரித்தாள். மாமனார் இருந்திருந்தால் அந்தச் சிரிப்போடு விட்டிருக்க மாட்டார். அந்த லீவைக் கொடுத்தது யார் என்று கேட்டிருப்பார்.